ஸ்காட்லாந்து ஊர்ப் பெயர்கள் கடல் தாண்டியது எப்படி? பெயர் வைத்தவர் யார், வாழ்ந்தவர் யார்?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். பெர்த், டுனெடின், கால்கரி, நோவா ஸ்கோஷியா என்று உலகப் படத்தில் இத்தனை ஸ்காட்லாந்துப் பெயர்கள் இருப்பதற்குக் காரணம் அங்கிருந்து போனவர்களின் ஊர்ப் பாசமா என்பது ஒன்று. இலங்கை மலையகத்தில் நானுஓயா, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பெயர்களும் அந்தக் கணக்கில் சேருமா, ஒரு தோட்டத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று எப்படித் தேடுவது என்பது இன்னொன்று.

ஊர்ப் பாசம் உண்டு. ஆனால் அதை வைத்து எல்லாப் பெயரையும் விளக்கிவிட முடியாது. ஓர் இடத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் முதலில் அந்த இடம் கைக்குள் இருக்க வேண்டும். நிலத்தை அளந்தவர், பட்டா எழுதியவர், ரயில் பாதை போட்டவர், தோட்டத்தை விலைக்கு வாங்கியவர் ஆகியோரிடம்தான் அந்த உரிமை இருந்தது. குடிசையை இழந்து கப்பல் ஏறிய குடியானவருக்கு அது அபூர்வமாகவே கிடைத்தது. ஆகவே ஒரு ஸ்காட்லாந்துப் பெயரைக் கண்டால், யார் இங்கே குடிவந்தார்கள் என்று கேட்பதற்கு முன்னால், இதை யார் எழுதி வைத்தார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் இரண்டுக்கும் விடை வேறுவேறாக இருக்கும்.

பாசம் உண்மையாகவே வேலை செய்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஸ்காட்லாந்தின் வடகோடியில் சதர்லண்ட் என்ற பகுதியில் கில்டோனன் என்றொரு பள்ளத்தாக்கு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நிலமெல்லாம் சதர்லண்ட் சீமாட்டியின் சொத்து. தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்து, ஓட்ஸ் விதைத்து வாழ்ந்த குத்தகைக்காரர்களைவிட ஆட்டுப்பண்ணை வைப்பவர் கொடுக்கும் குத்தகை அதிகம் என்று கணக்குப் பார்த்து, எஸ்டேட் நிர்வாகம் அவர்களை வெளியேற்றத் தொடங்கியது. 1813-ல் கில்டோனன் மக்கள் எதிர்த்து நின்றார்கள். படையை வரவழைத்து அடக்கினார்கள். 1811-ல் 1,574 பேர் இருந்த அந்தப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்ப் பகுதியில், 1831-ல் எஞ்சியவர்கள் 257 பேர்.

வெளியேறியவர்களில் சுமார் 100 பேர் அதே 1813-ல் செல்கர்க் பிரபு ஏற்பாடு செய்த கப்பலில் கனடாவின் ஹட்சன் விரிகுடாவுக்குப் போனார்கள். கப்பலில் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். போய்ச் சேர வேண்டிய துறைமுகத்தை விட்டுவிட்டு வெகு வடக்கே சர்ச்சில் என்ற இடத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். அந்தப் பனிக்காலத்தை அங்கே கழித்துவிட்டு, உடம்பில் தெம்பு இருந்தவர்கள் உறைந்த நிலத்தின் மீது நடந்தே யார்க் ஃபேக்டரி என்ற வணிகத் தளத்துக்கு வந்து, அங்கிருந்து தெற்கே ரெட் ரிவர் என்ற ஆற்றங்கரையை 1814-ல் அடைந்தார்கள். 1817-ல் செல்கர்க் அவர்களைப் பார்க்க வந்தபோது கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நிலம் ஒதுக்கி, இந்தப் பங்கின் பெயர் கில்டோனன் என்று அறிவித்தார். இன்று வின்னிபெக் நகரத்தில் கிழக்குக் கில்டோனன், மேற்குக் கில்டோனன் என்று வீடும் கடையுமாக அந்தப் பெயர் பரந்து கிடக்கிறது. ஸ்காட்லாந்திலிருக்கும் மூலக் கில்டோனனில் இடிந்த வீடுகளின் கல் வரிசைகளும் ஆடுகளும்தான் மிச்சம்.

இங்கேகூடப் பெயரை உச்சரித்தவர் ஒரு பிரபு என்பதைக் கவனியுங்கள். ஆனால் அவர் அந்த மக்களுடைய பெயரை அவர்களுக்கே கொடுத்தார். அந்த மண்ணில் ஏற்கனவே க்ரீ, ஒஜிப்வே, மேட்டிஸ் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அதே 1817-ல் பெகுவிஸ் உள்ளிட்ட தலைவர்களோடு செல்கர்க் உடன்படிக்கை செய்துகொண்டது அதனால்தான்.

மக்களே ஊரைப் பெயர்த்து எடுத்துப் போனதற்கு இதைவிடத் தெளிவான சான்று கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் வடகரையில் இருக்கிறது. நாய்டார்ட், மொய்டார்ட், அரிசேக் ஆகியவை ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள். மக்கள் கத்தோலிக்கர்கள், கேலிக் மொழி பேசியவர்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்து கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் ஆன்டிகோனிஷ் பக்கத்துக் கரையில் இறங்கினார்கள். அங்கேயும் நாய்டார்ட், மொய்டார்ட், அரிசேக் ஒரே கரையில் சில மைல் இடைவெளியில் இருக்கின்றன. அதிகாரி ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து பட்டியல் போட்டிருந்தால் இந்த அக்கம்பக்கம் இப்படி அமைந்திருக்காது. உறவும் சபையும் சேர்ந்தே பெயர்ந்ததால்தான் அண்டை ஊர்கள் அண்டை ஊர்களாகவே நின்றன. அங்கே நாய்டார்டில், 1746-ல் ஸ்காட்லாந்துக் கிளர்ச்சிக்காரர்கள் அரசுப் படையிடம் தோற்ற கலோடன் போரில் சண்டையிட்டுப் பிழைத்துக் கடல் தாண்டி வந்தவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சான்று இந்த மூன்று ஊர்கள்தான். ஒரு பெயரைத் தனியாகப் பார்க்காதீர்கள், அதன் அக்கம்பக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதற்கு இவைதான் காரணம்.

ஆனால் அந்த மாகாணத்தின் பெயரே வேறு கதை. நோவா ஸ்கோஷியா, அதாவது லத்தீனில் புதிய ஸ்காட்லாந்து, 1621-ல் அரசர் ஆறாம் ஜேம்ஸ் சர் வில்லியம் அலெக்சாண்டருக்கு எழுதிக் கொடுத்த சாசனத்தில் பிறந்த பெயர். அப்போது அங்கே ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர்கூட இல்லை. மிக்மாக் பழங்குடி மக்கள் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்களும் உரிமை கொண்டாடினார்கள். நியூ இங்கிலாந்தையும் புதிய ஸ்காட்லாந்தையும் பிரிக்கும் ஆற்றுக்கு அலெக்சாண்டர் ட்வீட் என்று பெயர் வைத்தார், ஏனென்றால் தாய்நாட்டில் இங்கிலாந்தின் எல்லையாக ஓடுவது ட்வீட். குடியேற்றத்துக்குப் பணம் திரட்ட 1625 முதல் நோவா ஸ்கோஷியா பாரனெட் என்ற பட்டங்கள் விற்கப்பட்டன. பட்டம் வாங்கியவர் கடல் தாண்ட வேண்டியதில்லை. எடின்பரோ கோட்டை வாசலில் உள்ள மண்ணை நோவா ஸ்கோஷியா மண் என்று சட்டப்படி பாவித்து, அங்கேயே ஒரு பிடி மண்ணைக் கையில் வாங்கிக்கொண்டால் நிலம் கைமாறியதாக அர்த்தம். அதைச் சொல்லும் பலகை இன்றும் கோட்டை முன்றிலில் இருக்கிறது. 1632-ல் அந்த நிலம் பிரான்சுக்குப் போய்விட்டது. பெயரளவில் புதிய ஸ்காட்லாந்தாக இருந்த இடத்துக்கு உண்மையான ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் பெருமளவில் வரத் தொடங்கியது 1773-ல், ஹெக்டர் என்ற கப்பல் லாக் புரூம் பக்கத்திலிருந்து சுமார் 200 பேரைப் பிக்டூவில் இறக்கியபோதுதான். பெயருக்கும் ஆட்களுக்கும் இடையே 152 ஆண்டுகள்.

இப்படிப் பெயர் முன்னே போய் ஆட்கள் பின்னே போகாத, அல்லது போய் நிலைக்காத இடங்கள் இன்னும் உண்டு. 1698-ல் பனாமா கரையில் கலிடோனியா என்ற குடியேற்றத்தையும் நியூ எடின்பரோ என்ற ஊரையும் தொடங்கினார்கள். நோயிலும் பட்டினியிலும் சுமார் 2,000 பேரைப் பறிகொடுத்து, 1700-ல் எல்லாம் முடிந்துபோனது. ஸ்காட்லாந்தின் சேமிப்பில் பெரும்பங்கு அதில் கரைந்தது. 1707-ல் இங்கிலாந்தோடு இணைய ஒப்புக்கொண்டதற்கு அந்த நஷ்டமும் ஒரு காரணம்.

இப்போது நியூசிலாந்துக்கு வருகிறேன், ஏனென்றால் திட்டம் போட்டுப் பெயர் வைத்ததற்கு டுனெடினைவிட நல்ல இடம் கிடையாது. 1843-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்து சுதந்திரத் திருச்சபை உருவானது. அதைச் சேர்ந்தவர்கள் தங்களுக்கென ஒரு குடியேற்றம் வேண்டும் என்று தெற்குத் தீவில் ஒடாகோ நிலத்தைத் தேர்ந்தார்கள். நை தாஹு என்ற மாவோரி மக்களிடமிருந்து 4,00,000 ஏக்கர் 2,400 பவுனுக்கு 1844-ல் வாங்கப்பட்டது. ஊருக்கு முதலில் யோசித்த பெயர் நியூ எடின்பரோ. எடின்பரோவின் பதிப்பாளர் வில்லியம் சேம்பர்ஸ் அதை எதிர்த்து எழுதினார். அமெரிக்காவில் எங்கு பார்த்தாலும் ‘நியூ’ என்று தொடங்கும் பெயர்களாக இருப்பது போதாதா, எடின்பரோவின் பழைய கேலிக் பெயரான டூன் ஏடன் என்பதையே எடுத்து டுனெடின் என்று வையுங்கள் என்றார். அவர் சொன்னதுதான் நிலைத்தது. 1848 மார்ச்சில் ஜான் விக்ளிஃப், ஏப்ரலில் பிலிப் லாயிங் என்ற இரு கப்பல்களில் சுமார் 350 பேர் வந்திறங்கியபோது ஊருக்குப் பெயரும் தெருக்களுக்குக் கோடுகளும் ஏற்கனவே தயார்.

கோடு போட்டவர் சார்ல்ஸ் கெட்டில் என்ற நில அளவையாளர். எடின்பரோவைப் போலவே அமைக்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. பிரின்சஸ் தெரு, ஜார்ஜ் தெரு, ஹேனோவர் தெரு, ஃபிரெட்ரிக் தெரு, ஹெரியட் ரோ, மோரே பிளேஸ் என்று எடின்பரோவின் தெருப் பெயர்களை அப்படியே இறக்கினார். ஊர் நடுவே ஓடும் ஆற்றுக்கு எடின்பரோ ஆற்றின் பெயரான வாட்டர் ஆஃப் லீத். புறநகர்கள் கார்ஸ்டோர்ஃபின், மசல்பரோ, போர்டோபெல்லோ, மார்னிங்சைடு. எடின்பரோ தெரிந்தவர் டுனெடினில் போய் நின்றால் ஒரு விநோதத்தைக் கவனிப்பார். எடின்பரோவில் பிரின்சஸ் தெருவும் ஜார்ஜ் தெருவும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன, ஒருபோதும் சந்திப்பதில்லை. டுனெடினில் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. நடுவில் ஆக்டகன் என்ற எண்கோணச் சதுக்கம், தெற்கே போனால் பிரின்சஸ், வடக்கே போனால் ஜார்ஜ். பெயர்களைக் கொண்டுவர முடிந்தது, மலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே அகப்பட்ட அந்த ஒடுங்கிய நிலத்தில் எடின்பரோவின் அமைப்பைக் கொண்டுவர முடியவில்லை. அந்தச் சதுக்கத்தில் 1887-ல் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் சிலையை வைத்தார்கள். குடியேற்றத்தின் முதல் போதகர் தாமஸ் பர்ன்ஸ் அந்தக் கவிஞருடைய தம்பியின் மகன் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

தெற்கே இன்வர்கார்கில் நகரம். ‘இன்வர்’ என்றால் ஆற்று முகத்துவாரம். அதற்குப் பின்னால் ஆற்றின் பெயர் வருவதுதான் ஸ்காட்லாந்து வழக்கம்: நெஸ் ஆற்றின் முகத்துவாரம் இன்வர்னெஸ். ஆனால் கார்கில் என்பது ஆறல்ல, ஆள். குடியேற்றத் தலைவர் கேப்டன் வில்லியம் கார்கிலைக் கௌரவிக்க 1856-ல் வைத்த பெயர். அதனால்தானோ என்னவோ தெருக்களுக்கு டே, டீ, டான், ஸ்பே, க்ளைட், எஸ்க், ட்வீட் என்று ஆற்றுப் பெயர்களாகவே வைத்துவிட்டார்கள். அந்த நகரத்தை அளந்தவர் ஜான் டர்ன்புல் தாம்சன். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இவரைத் தெரியும், பெயரளவிலாவது: அங்கே அரசாங்க நில அளவையாளராக இருந்துவிட்டுத்தான் நியூசிலாந்து போனார், சிங்கப்பூரின் தாம்சன் ரோடு இவர் பெயரில்தான் இருக்கிறது. ஒடாகோவின் உட்பகுதி ஓடைகளுக்கு இவர் இட்ட பெயர்கள் கைபர்ன், ஈவ்பர்ன், கிம்மர்பர்ன், வெடர்பர்ன், ஸ்வின்பர்ன். பர்ன் என்றால் ஓடை. மாடு, பெண் ஆடு, இளம் பெண் ஆடு, காயடித்த கிடா, பன்றி என்று ஒரு தொழுவமே அதில் இருக்கிறது. இவர் வளர்ந்த ஸ்காட்லாந்து எல்லைப்புறப் பேச்சு வழக்கில் அந்தச் சொற்கள் அன்றாடம் புழங்கியவை.

இந்தப் பெயர்களுக்கெல்லாம் கீழே வேறு பெயர்கள் இருந்தன. டுனெடினுக்கு ஓதேபோதி, இன்வர்கார்கிலுக்கு வைஹோபாய். க்ளைட் ஆற்றின் பழம்பெயரைக் கொண்ட க்ளூதா என்ற பேராறு மாவோரி மொழியில் மாதா-அவ். 1998-ல் நை தாஹு மக்களுடன் அரசு செய்த தீர்வுச் சட்டத்தின்படி அந்த ஆற்றுக்கு இரண்டு பெயர்களும் சேர்ந்தே அதிகாரப்பூர்வமாயின. ஒடாகோ என்ற பெயர் மட்டும் தொடக்கத்திலிருந்தே மாவோரிப் பெயர்தான், ஓதாகோ என்ற கரையோரக் கிராமத்திலிருந்து வந்தது.

பெரிய நகரங்களைப் பற்றிப் பலரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கு 1829-ல் அந்தப் பெயர் வந்தது பெர்த்காரர்கள் குடியேறியதால் அல்ல. அன்று குடியேற்ற நாடுகளைப் பார்த்துக்கொண்ட அமைச்சர் சர் ஜார்ஜ் மரே பெர்த்ஷயர்க்காரர், அவர் விருப்பப்படி ஆளுநர் ஸ்டர்லிங் வைத்தார். கனடாவின் கால்கரி, போலீஸ் அதிகாரி ஜேம்ஸ் மக்லியோட் 1876-ல் ஸ்காட்லாந்தின் மல் தீவின் ஒரு கடற்கரையை நினைத்து வைத்த பெயர். மூலக் கால்கரியில் இன்றும் மணலும் சில வீடுகளும்தான். பேரன் கால்கரியில் 13 லட்சத்துக்கும் மேலானவர்கள் வாழ்கிறார்கள். பான்ஃப், கனடிய பசிபிக் ரயில்வே வைத்தது. அதன் தலைவர் ஜார்ஜ் ஸ்டீபன் பான்ஃப்ஷயரில் பிறந்தவர். அதே ரயில் பாதையின் கடைசி ஆணி 1885 நவம்பர் 7 அன்று அடிக்கப்பட்ட இடம் கிரெய்கெல்லாக்கி, அது கிராண்ட் குலத்தின் போர்முழக்கத்தில் வரும் குன்றின் பெயர். மலாவியின் பிளான்டயர் நகரம், ஸ்காட்லாந்துத் திருச்சபை மிஷனரிகள் 1876-ல் ஆப்பிரிக்காவில் பயணம் செய்த மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஊரின் பெயரை வைத்து உண்டாக்கியது. அமைச்சர், போலீஸ், ரயில்வே, மிஷன். இந்த வரிசையில் ஊரை இழந்து வந்த குடியானவர் எங்கேயும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் ஆப்பின் என்ற சிற்றூரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வராது. சிட்னிக்குத் தென்மேற்கே இருக்கிறது. ஆளுநர் லாக்லன் மக்குவாரி மல் தீவுக்கு அருகே உல்வாவில் பிறந்தவர். அவர் மனைவி எலிசபெத் கேம்ப்பெல் ஆர்கைல் பகுதியில் ஆப்பினைச் சேர்ந்தவர், ஏர்ட்ஸ் என்பது அவர் குடும்பத்தின் நிலம். 1811-ல் மக்குவாரி மனைவியின் ஊரை நினைத்து ஆப்பின் என்று வைத்தார். பக்கத்தில் ஏர்ட்ஸ், பிறகு அவர் குடும்பப் பெயரில் கேம்ப்பெல்டவுன். கேட்க இதமான கதை. 1816 ஏப்ரல் 17 அன்று, அதே மக்குவாரி அனுப்பிய படைவீரர்கள் ஆப்பினுக்கு அருகே இரவில் பழங்குடி மக்களின் முகாமைச் சூழ்ந்து சுட்டார்கள், செங்குத்தான பள்ளத்தாக்கின் விளிம்பை நோக்கித் துரத்தினார்கள். குறைந்தது 14 பேர் இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. 2022-ல்தான் அந்த நிலம் மாநில மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கணவர் மனைவி மேல் வைத்த அன்பும் பொய்யல்ல, அந்த இரவும் பொய்யல்ல. ஆப்பின் என்ற பெயரைச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாசம் அதிகமாக இருந்தால் பெயரைக் கொண்டுபோவார்கள் என்ற எண்ணத்துக்கு எதிரான சான்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் அசிண்ட் பகுதியைச் சேர்ந்த நார்மன் மக்லியோட் என்ற கண்டிப்பான போதகர் 1817-ல் நோவா ஸ்கோஷியா போனார். அவரைச் சுற்றிச் சேர்ந்த கேலிக் மக்கள் கேப் பிரெட்டனில் 30 ஆண்டு வாழ்ந்து, பஞ்சம் வந்தபோது தாங்களே கப்பல் கட்டி, 1851 முதல் ஆஸ்திரேலியா வழியாக நியூசிலாந்தின் வடபகுதிக்குப் போய்க் குடியேறினார்கள். மொழியையும் வழிபாட்டையும் இரண்டு பெருங்கடல் தாண்டிக் காத்த கூட்டம் அது. ஆனால் அவர்கள் குடியேறிய ஊரின் பெயர் ‘வைபூ’ (Waipu). மாவோரிப் பெயர். அதை மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கனடாவிலும் அப்படித்தான்: கேலிக் மிக அதிகமாகப் பேசப்பட்ட பிக்டூவும் ஆன்டிகோனிஷும் மிக்மாக் பெயர்கள்.

இனி, பெயர் ஒருவருடையது, உழைப்பு வேறொருவருடையது என்ற வகை. தென் அமெரிக்காவின் கயானாவில் பெர்பீஸ் கரையோரம் போனால் டெய்ன், நிக், ஃபைரிஷ், அல்னஸ், கில்டோனன் என்று ஊர்கள் வரிசையாக வரும். இவற்றில் முதல் நான்கும் ஸ்காட்லாந்தின் வடக்கே ஈஸ்டர் ராஸ் என்ற பகுதியில் உள்ள இடங்கள். அந்தப் பகுதிக் குடும்பங்கள் பெர்பீஸில் பருத்தி, காப்பி, கரும்புத் தோட்டங்கள் வாங்கின. அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். 1838-ல் அவர்கள் முழுமையாக விடுதலையான அதே ஆண்டில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 1917 வரை சுமார் 2,39,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறியவர்கள். சென்னையில் ஏறிய சிறுபான்மையினரை மதராஸி என்று அழைத்தார்கள். அவர்கள் வழி வந்த மாரியம்மன் வழிபாடு பெர்பீஸ் கரையோரத்தில் இன்றும் நடக்கிறது. டெய்னிலும் நிக்கிலும் இன்று வாழ்பவர்களில் பெரும்பாலோரின் மூதாதையர் அந்த ஸ்காட்லாந்து ஊர்களைக் கண்டதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் வாசல். இலங்கை மலையகமும் இந்த வகையைச் சேர்ந்தது. காப்பிக் காலத்திலிருந்தே தோட்டத் துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள், அதிலும் அபர்டீன், பான்ஃப், கின்கார்டின் என்ற வடகிழக்குப் பகுதிக்காரர்கள், மிக அதிகம். வாங்கியவர் பிறந்த ஊர், அவர் தகப்பன் குத்தகை எடுத்த பண்ணை, அவர் வேட்டைக்குப் போன பள்ளத்தாக்கு, எல்லாம் தோட்டப் பெயராயிற்று. ஹட்டன் என்ற பெயரையே அபர்டீன்ஷயரின் ஹட்டனோடு சேர்த்துச் சொல்கிறார்கள். நானுஓயாவின் கிளாசோ தோட்டத்தையும் டிக்கோயாவின் ஃபோர்டைஸ் தோட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பான்ஃப்ஷயரில் கிளாசோ என்பது ஃபோர்டைஸ் பங்குக்கு உள்ளேயே இருக்கிறது. இலங்கையில் அவை வெவ்வேறு மலைகளில் விழுந்தன. பெல்மோரல், அபர்கெல்டி, பிரேமார் மூன்றும் டீ ஆற்றங்கரையில் அடுத்தடுத்து வருபவை, விக்டோரியா அரசி அங்கே மாளிகை கட்டியதால் பிரபலமானவை. இப்படிப்பட்ட பெயர்கள் துரையின் சொந்த ஊர்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது, அன்றைய மோஸ்தராகவும் இருக்கலாம். டன்சினன் மேக்பெத் கதையில் வரும் குன்று. ஹோலிரூட் எடின்பரோவின் அரண்மனை. அபோட்ஸ்ஃபோர்ட் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வாழ்ந்த மாளிகை.

எல்லாத் துரைமாரும் பெயரை மாற்றவும் இல்லை. இலங்கைத் தேயிலையைத் தொடங்கி வைத்த ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயரில் பிறந்து 1852-ல் வந்தவர். 1867-ல் அவர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டத்தின் பெயர் லூல்கந்துர, சிங்களப் பெயர். அவர் 1892-ல் இறக்கும் வரை அது அப்படியே இருந்தது.

அந்தப் பெயர்களுக்குள் வாழ்ந்தவர்கள் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து போன நம் மக்கள். ஸ்ட்ராத்டன் அவர்கள் வாயில் ஸ்டெதன் ஆயிற்று. சில இடங்களுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள், அதில் சில தோட்டப் பெயரையே மூடிவிட்டன. சிவனொளிபாத மலை அடிவாரத்து டல்ஹவுசியை இன்று யாத்திரை போகிறவர்கள் நல்லதண்ணி என்றுதான் சொல்கிறார்கள். தோட்டங்கள் 1972-லும் 1975-லும் அரசுடைமையான பிறகும், 1992-க்குப் பின் கம்பனிகள் கைக்குப் போன பிறகும் ஸ்காட்லாந்துப் பெயர்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. தனி வீட்டு முகவரி இல்லாமல் தோட்டம், டிவிசன், லயம் என்று எழுதித் தோட்ட ஆபீஸ் வழியாகத் தபால் வாங்கிய குடும்பங்களுக்கு, பான்ஃப்ஷயரின் ஒரு பண்ணைப் பெயரே அடையாள அட்டையிலும் ஏறியது. நூற்றைம்பது ஆண்டு அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் நம்மவர்கள். அந்த அர்த்தத்தில் அது எப்போதோ தமிழ்ப் பெயராகிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

தேடுவதற்கு வழி சொல்கிறேன். பெயரின் ஓசையை மட்டும் நம்பாதீர்கள். இன்வர், ஸ்ட்ராத், பால், கில், டன் என்று தொடங்கினால் ஸ்காட்லாந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அபர் வேல்ஸ் நாட்டிலும் வரும், க்ளென் என்பதை அழகுக்காக யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். மலையகத் தோட்டப் பெயர்களிலேயே டெவன் இங்கிலாந்து, கும்ரி வேல்ஸ். முதலில் ஃபெர்குசன் குடும்பத்தார் நடத்திய பழைய இலங்கை டைரக்டரிகளில் உங்கள் தோட்டத்தைப் பாருங்கள், உரிமையாளர், துரை, ஏக்கர் எல்லாம் அதில் ஆண்டுவாரியாக இருக்கும். கிடைப்பதிலேயே பழைய பதிப்பிலிருந்து தொடங்குங்கள், பின்னால் வாங்கியவரின் ஊரோடு பெயரைப் பொருத்திக் குழம்பாமல் இருக்க அது உதவும். பிறகு ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் 19ஆம் நூற்றாண்டு நில அளவைப் படங்களில் அந்தப் பெயரைத் தேடுங்கள். அவற்றில் தனிப் பண்ணைகள், வீடுகள்கூடப் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். ஒரே பெயர் நாலைந்து இடத்தில் வந்தால், பக்கத்துத் தோட்டங்களின் பெயர்களையும் எடுத்து, அவையும் அதே பகுதியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிளாசோவும் ஃபோர்டைஸும் இங்கே வெவ்வேறு மலைகளில் இருந்தாலும், ஸ்காட்லாந்தில் ஒரே பகுதியில் சேர்ந்து வருபவைதான். உரிமையாளர் பெயரும் அந்தப் பகுதியும் பொருந்தினால் விடை பெரும்பாலும் கைக்கு வந்த மாதிரி. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தோட்டத்துக்கும் டிவிசன்களுக்கும் அவர்கள் வழங்கிய தமிழ்ப் பெயர்களையும் கேட்டு எழுதி வையுங்கள். அவை எந்த வரைபடத்திலும் முழுதாக ஏறவில்லை.